ஆற்றுக்குத் தடை, பைக்குக்கு அனுமதியா?

கேள்வி: தாமிரபரணியில் குளிக்கப் போன பிள்ளைகள் மூழ்கி இறந்ததாக அடிக்கடி செய்தி வருகிறது. ப்ளஸ் ஒன் படிக்கும் என் மகனை ஆற்றுப் பக்கமே விடுவதில்லை. பைக்கில் சேரன்மகாதேவிக்கு டியூஷன் போய் வருவதோடு சரி. நான் செய்வது சரிதானே?
– ஒரு வாசகி, வீரவநல்லூர்

பதில்: இல்லை அம்மா. ஆற்றைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. மணல் அள்ளிய குழியும், கசம் என்கிற ஆழமான பள்ளமும் மேலே நின்று பார்த்தால் தெரியாது. 2022இல் நாடு முழுக்க நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 38,500 பேர். ஆனால் அதே ஆண்டு சாலை விபத்தில் போனவர்கள் 1,68,491 பேர். அதில் இருசக்கர வண்டியில் போனவர்கள் மட்டும் ஏறக்குறைய 75,000. ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,000 பேர். ஆறு, குளம், கிணறு, கடல் எல்லாம் சேர்ந்து கொண்டுபோனதைவிட இந்த ஒரு கணக்கே பெரிது. விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் நம் தமிழ்நாட்டுக்குத்தான்.

வயற்காட்டு ஊர் என்பதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பாம்புக்கடியால் நாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறப்பதாக 2020இல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ராத்திரி வரப்பில் நடப்பவர் கையில் டார்ச் கட்டாயம் இருக்க வேண்டும்.

சரி, உங்கள் மகனுக்கு வருவோம். ப்ளஸ் ஒன் என்றால் பதினாறு வயது இருக்கும். பதினெட்டு நிரம்பாமல் கியர் வண்டிக்கு லைசென்ஸ் கிடையாது. அவன் ஓட்டிப் பிடிபட்டால், 2019இல் திருத்திய சட்டப்படி பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். இருபத்தைந்து வயது வரை அவனுக்கு லைசென்ஸும் கிடைக்காது. ஆனால் இதைவிட எனக்குப் பெரிய கவலை, மாலை இருட்டில், பஸ்ஸும் லாரியும் முந்திக்கொண்டு வரும் அம்பை ரோட்டில் அந்தப் பிள்ளை தனியாக வண்டி ஓட்டுவதுதான்.

இன்றைக்கே சாவியை வாங்கி வையுங்கள். அந்த ரோட்டில் பஸ் இருக்கிறது, டியூஷனுக்கு அதில் போகட்டும். முகம் சுளிப்பான், சுளிக்கட்டும். அப்புறம், ஆற்றை அடியோடு தடுக்காதீர்கள். நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட அனுப்பி, ஆழமில்லாத படித்துறையில் நீச்சல் பழக்குங்கள். உங்களுக்குத் தெரியாமல் கூட்டாளிகளோடு ஆற்றுக்குப் போகிற ஒருநாள் எப்படியும் வரும். அன்றைக்கு அவனுக்கு நீந்தத் தெரிந்திருக்க வேண்டும்.