கப் பள்ளிக்கூடத்துக்கு, கைவலி பையனுக்கா?

அமெரிக்க மைனர் லீக் பேஸ்பாலில் (உச்சியில் இருக்கிற மேஜர் லீக்குக்குக் கீழே ஆட்டக்காரர்களைத் தயார் செய்கிற லீக்குகள்) இளம் ஆட்டக்காரர்களை எப்படி வளர்க்கிறார்கள் என்று போன இதழில் கொஞ்சம் எழுதியிருந்தேன். கடலூரிலிருந்தும் பாண்டியிலிருந்தும் இவ்வளவு கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பொதுவான சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

என் மகனுக்கு 13 வயது. பள்ளி பேஸ்பால் டீமில் அவன்தான் பிட்சர் (பந்து எறிபவன்). போன டோர்னமென்டில் காலையில் ஒரு மேட்ச், மதியம் ஒரு மேட்ச், இரண்டிலும் முழுக்க அவனையே எறிய வைத்தார்கள். இப்போது முழங்கையின் உள்பக்கம் வலிக்கிறது என்கிறான். "எறிய எறிய சரியாகிடும்" என்கிறார் சார். அவரைப் பகைத்துக்கொள்ளவும் பயமாக இருக்கிறது.
ஓர் அம்மா, நெல்லிக்குப்பம்

எறிய எறிய சரியாகாதும்மா, மோசமாகும். முதல் வேலையாக அவன் பந்தைத் தொடுவதை நிறுத்துங்கள். அப்புறம் கடலூர் அரசு மருத்துவமனையோ ஜிப்மரோ, உங்களுக்கு எது வசதியோ அங்கே எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். தைலம் தேய்த்து, வலி மாத்திரை கொடுத்து அடுத்த மேட்சுக்கு அனுப்புகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். இந்த வயதில் முழங்கை எலும்பின் முனை இன்னும் முழுசாக இறுகியிருக்காது, வளர்ச்சித் தட்டு குருத்தெலும்பாகவே இருக்கும், வேகமாக எறிகிற ஒவ்வொரு முறையும் தசைநார் அந்த இடத்தைத்தான் பிடித்து இழுக்கிறது. சீக்கிரம் கவனித்து ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் ஆறிவிடும். வலியோடு எறிந்துகொண்டே இருந்தால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. பெரிய பிட்சர்களுக்கு அதே உள்பக்கத்துத் தசைநார் கிழிந்தால் ஆபரேஷன்தான். 1974இல் டாமி ஜான் என்ற பிட்சருக்கு முதன்முதலில் செய்ததால் இன்றும் அவர் பெயராலேயே அதைச் சொல்கிறார்கள். அது முடிந்து மைதானத்துக்குத் திரும்ப ஒரு வருஷமாவது ஆகும்.

இதற்குக் கணக்கு இருக்கிறது. மேஜர் லீக் பேஸ்பாலும் அமெரிக்காவின் பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து 2014இல் 'பிட்ச் ஸ்மார்ட்' என்று ஒரு வழிகாட்டியைக் கொண்டுவந்தன. 13, 14 வயதுப் பையன் ஒரு நாளில் அதிகபட்சம் 95 பந்துகள் எறியலாம், அதுவும் அப்புறம் ஓய்வு எடுத்தால்தான். 20 பந்துக்குள் என்றால் மறுநாளே எறியலாம். 21 முதல் 35 என்றால் ஒரு நாள், 50 வரை இரண்டு நாள், 65 வரை மூன்று நாள், 66ஐத் தொட்டால் நான்கு நாள் ஓய்வு. ஒரே நாளில் இரண்டு மேட்சில் பிட்ச் செய்யக் கூடாது. பிட்ச் செய்யாத நேரத்தில் அவனைக் கேட்சராக (பிட்சர் எறிவதை எதிரில் உட்கார்ந்து பிடிப்பவன்) உட்கார வைப்பதும் கூடாது, கேட்சரும் நாள் முழுக்க எறிந்துகொண்டேதான் இருக்கிறான் (இதை இங்கே பாதிப் பேர் கணக்கிலேயே எடுப்பதில்லை). வருஷத்தில் நான்கு மாதமாவது எறிவதையே விட்டுவிட வேண்டும்.

சாரோடு சண்டை போட வேண்டாம். மருத்துவர் சீட்டைக் காட்டுங்கள், அதற்கு மேல் எந்த சாரும் பேச மாட்டார். கை ஆறி அவன் திரும்ப ஆட ஆரம்பித்ததும் ஒரு நோட்டோடு போய் உட்கார்ந்து, ஒவ்வொரு பந்துக்கும் ஒரு கோடு போடுங்கள். எண்ணுகிற ஆள் ஒருவர் எதிரில் உட்கார்ந்திருந்தாலே இன்னொரு பிட்சரைத் தயார் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் தானாக வரும். ஒருவேளை வராவிட்டால், கப் போனால் போகட்டும், பையனை உட்கார வையுங்கள்.

அரியாங்குப்பம் பக்கம் பசங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். மைனர் லீக் டீம் தோற்றாலும் கோச்சை யாரும் ஒன்றும் சொல்வதில்லை என்று எழுதியிருந்தீர்கள். இங்கே இரண்டு மேட்ச் தோற்றால் நிர்வாகம் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடும். அங்கே மட்டும் எப்படி சார்?
ஒரு பயிற்சியாளர், அரியாங்குப்பம்

சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள், பதில் அங்கேயே இருக்கிறது. மேஜர் லீக்கில் 30 கிளப்புகள். 2021லிருந்து ஒவ்வொன்றுக்கும் கீழே, மேலிருந்து கீழாக டிரிபிள்-ஏ, டபுள்-ஏ, ஹை-ஏ, சிங்கிள்-ஏ என்று நான்கு டீம், மொத்தம் 120. அதற்கும் கீழே புளோரிடா, அரிசோனா, டொமினிகன் குடியரசு ஆகிய இடங்களில் புதுசாகச் சேர்ந்த பசங்களுக்கான லீக்குகள். உள்ளூர் டீம் முதலாளிக்கு டிக்கெட், தீனி வியாபாரம். ஆட்டக்காரர், மேனேஜர் (பேஸ்பாலில் தலைமைக் கோச்), கோச் எல்லோருக்கும் சம்பளம் தருவது மேலே இருக்கிற தாய்க் கிளப். அவர்களுக்கு டபுள்-ஏ கோப்பையால் என்ன லாபம்? 'இந்தப் பையன் எப்போது மேலே வருவான்' என்று ஒரே கேள்விதான் கேட்பார்கள். அதனால்தான் டீம் பட்டத்துக்குப் போராடிக்கொண்டிருக்கும்போதே அதன் சிறந்த ஆட்டக்காரனைப் பாதியில் தூக்கி மேல்நிலைக்கு அனுப்பிவிடுகிறார்கள், கோச் முணுமுணுத்தாலும் பெட்டியைக் கட்டிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். இளம் பிட்சர் எத்தனை பந்து எறியலாம் என்பதும் மேலேயிருந்து வருகிற கணக்கு, ஜெயிப்பதற்காக மேனேஜர் அதை மீற முடியாது.

இதில் எனக்குப் பிடித்தது ராய் ஹாலடே என்ற பிட்சரின் கதை. 2000ஆம் ஆண்டில் டொரான்டோ புளூ ஜேஸுக்காக எறிந்தபோது, ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு மேட்சுக்கு, சராசரியாக 10.64 ரன் (ஃபீல்டர் தவறால் வந்தவை சேராமல்) கொடுத்தார், அதாவது செம அடி. அடுத்த வருஷம் கிளப் அவரை மேஜர் லீக்கிலிருந்து நேரே ஹை-ஏ நிலைக்கு, டனீடின் டீமுக்கு இறக்கியது. கீழ் நிலையில் இருந்தபோது மெல் குவீன் என்ற கோச், தலைக்கு நேர் மேலிருந்து வந்துகொண்டிருந்த அவருடைய கையைக் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்து எறியச் சொன்னார். நேராக வந்து அடி வாங்கிய பந்து, கடைசி நேரத்தில் விலகிப் போக ஆரம்பித்தது. அந்த வருஷமே மேலே திரும்பினார், 2003இலும் 2010இலும் சை யங் விருது (சிறந்த பிட்சருக்கு வருஷா வருஷம் தருவது) வாங்கினார். அவர் இறந்த பிறகு, 2019இல் பேஸ்பாலின் ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ் மண்டபத்திலும் சேர்த்தார்கள். அப்போது டனீடின் எத்தனை மேட்ச் ஜெயித்தது என்று இன்றைக்கு யார் கேட்கிறார்கள்?

குராசாவோ தீவுக்காரர் கென்லி ஜான்சனையும் பாருங்கள். கேட்சராகச் சேர்ந்தவர், பேட்டிங் சுமார், ஆனால் கை பீரங்கி. 2009இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் கிளப் அவரை மைனர் லீக்கிலேயே பிட்சராக மாற்றியது, 2010இல் மேஜர் லீக்கில் எறிந்துகொண்டிருந்தார். நம் ஊரில் ஆறாம் வகுப்பில் கேட்சர் என்று உட்கார வைத்தால் பன்னிரண்டாம் வகுப்பு வரை அவன் கேட்சர்தான்.

சரி, உங்கள் நிர்வாகத்துக்கு என்ன சொல்வது? சீசன் தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள், தோற்ற பிறகு சொன்னால் சாக்கு என்பார்கள். ஒவ்வொரு பையனும் இந்த வருஷம் கற்க வேண்டிய ஒரே ஒரு விஷயத்தை எழுதி வையுங்கள். ஒருவனுக்கு மெதுவான பந்து, இன்னொருவனுக்குத் தரையில் வருவதைப் பயமில்லாமல் எடுப்பது, இப்படி. மாதா மாதம் அந்தத் தாளை அவர்கள் முன்னால் வையுங்கள். ஆனால் தோல்வியே பரவாயில்லை என்று நானும் சொல்ல மாட்டேன். எப்போதும் தோற்கிற டீமில் பசங்க நிற்க மாட்டார்கள், மெதுவாக ஒவ்வொருவராகக் கிரிக்கெட்டுக்குப் போய்விடுவார்கள். சின்ன டோர்னமென்டில் எல்லோரையும் இறக்குங்கள், பெரிய டோர்னமென்டில் ஜெயிக்கப் பாருங்கள். பந்துக் கணக்கு மட்டும் இரண்டிலும் ஒன்றுதான்.

எனக்கு 19 வயது, ஈட்டி எறிவேன். ஈட்டி எறிந்த இரண்டு இந்தியர்கள் பேஸ்பாலுக்காக அமெரிக்கா போனது உண்மையா? நானும் போக முடியுமா அண்ணா?
திருப்பாதிரிப்புலியூர் தம்பி

உண்மைதான். ரிங்கு சிங், தினேஷ் பட்டேல், இருவரும் உத்தரப் பிரதேசம். 2008இல் வேகமாக எறிபவர்களைத் தேடி நடந்த டிவி போட்டியில் தேறி, டாம் ஹவுஸ் என்ற பிட்சிங் கோச்சிடம் பயிற்சி எடுத்து, அதே ஆண்டு பிட்ஸ்பர்க் பைரேட்ஸுடன் ஒப்பந்தம் போட்டார்கள். அதுவரை பேஸ்பாலே ஆடாதவர்கள். தினேஷ் 2010இல் விடுவிக்கப்பட்டார். ரிங்கு சிங்கிள்-ஏ வரை ஏறினார், காயங்கள் விடவில்லை, பின்னால் மல்யுத்தப் பக்கம் போய்விட்டார். கை வேகம் கதவைத் திறந்தது என்பது சரி, ஆனால் பத்து வயதிலிருந்து ஆடியவனுக்கு உடம்பிலேயே ஊறியிருக்கிற விஷயங்களை 20 வயதில் கற்பது பெரிய பாடு. காசும் நீ நினைக்கிற மாதிரி இல்லை தம்பி. சம்பளத்தை உயர்த்திய 2023 ஒப்பந்தத்திலேயே, அந்த ஆண்டு ரூக்கி (புதுசாகச் சேர்ந்தவர்கள்) நிலையில் குறைந்தபட்சம் 19,800 டாலர், டிரிபிள்-ஏவில் 35,800தான். அந்த ஊர் விலைவாசிக்கு அது சுமார்தான். ஈட்டியை விடாதே. பேஸ்பாலும் ஆடிப் பார், யார் வேண்டாம் என்றது?

பெண்கள் ஆண்கள் டீமுக்குக் கோச் ஆக முடியுமா?
சாஃப்ட்பால் ஆடும் கல்லூரி மாணவி, வில்லியனூர்

ஆகிவிட்டார்களேம்மா. 2022இல் நியூயார்க் யாங்கீஸ் கிளப்பின் சிங்கிள்-ஏ டீமான டாம்பா டார்பன்ஸுக்கு ரேச்சல் பால்கோவெக் மேனேஜரானார், மேஜர் லீக் கிளப்போடு இணைந்த டீமுக்கு முதல் பெண் மேனேஜர். அவரும் சாஃப்ட்பால் ஆடியவர்தான், உடற்பயிற்சிக் கோச்சாக உள்ளே நுழைந்தவர். முதலில் பன்னிரண்டு வயதுப் பசங்களிடம் ஆரம்பியுங்கள்.

பேஸ்பால் விலை கட்டுப்படியாகவில்லை. கிரிக்கெட் பந்தில் பழகலாமா?
ஓர் அப்பா, லாஸ்பேட்டை

வேண்டாம் சார். ஆண்கள் ஆடுகிற கிரிக்கெட் பந்து 156 கிராமுக்குக் குறையாது, பேஸ்பால் 149 கிராமைத் தாண்டாது, தையலும் வேறு, விரல் பிடியே மாறிவிடும். பத்து வயதுக்குள் என்றால் டென்னிஸ் பந்து போதும். மிச்சமாகிற காசில் நல்ல கிளவுஸ் ஒன்று வாங்குங்கள். பையன் இடது கையால் எறிபவன் என்றால் கடையில் மறக்காமல் சொல்லுங்கள், கிளவுஸ் அவனுக்கு வலது கையில் மாட்டுகிற மாதிரி வேண்டும்.