பெட்டியை உடைத்தது விமான நிறுவனம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

விமானத்தில் ஏற்றிவிட்ட பெட்டி உடைந்தும் கிழிந்தும் வந்தது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

சிங்கப்பூரிலிருந்து சென்னை வந்து இறங்கினேன். பெல்ட்டில் வந்த பெட்டியில் ஒரு சக்கரத்தைக் காணோம். கவுன்டரில் இருந்தவர், “சக்கரம், கைப்பிடி, ஜிப் எல்லாம் தேய்மானக் கணக்கு. அதுக்கு நஷ்டஈடு கிடையாது சார்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா?
— வாசகர், தாம்பரம்

இல்லை. சர்வதேசப் பயணத்தில் லக்கேஜுக்கு யார் பொறுப்பு என்பதை 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை தீர்மானிக்கிறது. இந்தியா 2009இல் அதில் சேர்ந்தது. சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் எல்லாமே அதில் உள்ள நாடுகள்தான். செக்-இன் செய்த பெட்டி விமான நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தபோது சேதமானால் நிறுவனமே பொறுப்பு என்கிறது அதன் 17ஆம் பிரிவு. யார் தூக்கிப் போட்டார்கள், எங்கே விழுந்தது என்றெல்லாம் நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. நிறுவனம் தப்பிக்க முக்கியமான வழி, பெட்டியிலேயே இருந்த குறையால்தான் சேதம் வந்தது என்று காட்டுவது. சக்கரத்துக்குப் பொருந்தாது, ஜிப்புக்குப் பொருந்தாது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. டிக்கெட்டின் பொடி எழுத்து நிபந்தனைகளில் அப்படிப் போட்டுப் பொறுப்பைத் தட்டிக்கழித்தால் அந்த நிபந்தனை செல்லாது என்று 26ஆம் பிரிவு சொல்கிறது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையும் இதே சாக்கைக் கண்டித்து 2015இல் விமான நிறுவனங்களுக்கு அறிவிப்பு அனுப்பியது.

அதற்காகத் தேய்மானம் என்பதே பொய் என்று ஆகிவிடாது. கீறல், அழுக்கு, லேசான நசுங்கல் ஆகியவற்றுக்கு யாரும் பணம் தரமாட்டார்கள், கேட்பதிலும் நியாயமில்லை. முறிந்த இடத்தைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். தேய்ந்த சக்கரத்தில் ரப்பர் ஒரு பக்கமாக மெலிந்திருக்கும், அச்சு ஆடும், ஓரங்கள் வழவழவென்று கறுத்திருக்கும். அடி வாங்கி முறிந்த சக்கரம் அப்படி இராது. அதைத் தாங்கும் பிளாஸ்டிக் கூடு பிய்ந்திருக்கும். முறிந்த ஓரம் கூராகவும் பளிச்சென்றும் இருக்கும். சுற்றியுள்ள ஓட்டில் நட்சத்திரம் மாதிரி விரிசல் ஓடியிருக்கும். பிளாஸ்டிக் வளைந்த இடம் வெளுத்திருக்கும். அந்த வெளுப்பும் விரிசலும் தெரிகிற மாதிரி எடுத்த ஒரு படம், கவுன்டரில் அரை மணி நேரம் வாதாடுவதைவிடப் பயன்படும்.

கவுன்டரில் கேட்டு வாங்க வேண்டிய காகிதத்தின் பெயர் பி.ஐ.ஆர்., அதாவது லக்கேஜ் சேத அறிக்கை. அதில் பத்து எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு இருக்கும்: முதல் மூன்று எழுத்து விமான நிலையம், அடுத்த இரண்டு விமான நிறுவனம், பிறகு ஐந்து இலக்க எண். அந்தக் குறியீடு இல்லாத வெறும் துண்டுச்சீட்டை வாங்கிக்கொண்டு வராதீர்கள். அறிக்கையில் “பெட்டி சேதம்” என்று மொட்டையாக எழுதினால் ஒத்துக்கொள்ளாமல், “வலது பின் சக்கரம் கூட்டோடு பிய்ந்தது, ஓட்டில் 8 செ.மீ. விரிசல்” என்கிற அளவுக்கு எழுதச் சொல்லுங்கள். தர மறுத்தால், பெல்ட் பக்கத்தில் நின்றபடியே நிறுவனத்தின் வாடிக்கையாளர் மின்னஞ்சலுக்குப் படங்களோடு புகாரை அனுப்பிவிடுங்கள். எப்போது, எங்கிருந்து புகார் செய்தீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

இதையெல்லாம் சுங்கச் சோதனையைத் தாண்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். வெளியே வந்தபின் மறுபடி உள்ளே போவது பெரும்பாடு.

துபாயிலிருந்து திருச்சி வந்தேன். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தபோதுதான் அடிப்பக்கம் பிளந்து உள்ளே இருந்த மிக்ஸி நொறுங்கியிருப்பது தெரிந்தது. டேக்கைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இனி ஒன்றும் செய்ய முடியாதா?
— வாசகர், புதுக்கோட்டை

முடியும், ஆனால் நாள் கணக்கு முக்கியம். பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 7 நாளுக்குள் புகார் எழுத்தில் போக வேண்டும். ஞாயிறும் பண்டிகை விடுமுறையும் அந்த ஏழில் அடக்கம். கெடு தாண்டினால் வழக்கே போட முடியாது. தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது. ஏழு நாளுக்குள் நீங்கள் அனுப்பியிருந்தால் போதும். அவர்கள் எப்போது படித்தார்கள் என்பது பொருட்டில்லை.

குப்பைத் தொட்டியில் டேக்கைத் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டித் தந்த சின்ன ஸ்டிக்கரில் அதே பத்து இலக்க எண் இருக்கும். அதுவும் இல்லையென்றால் பி.என்.ஆர். எண்ணைக் கொடுத்தால் நிறுவனத்தின் கணினியில் டேக் எண் தெரிந்துவிடும். உடைந்த மிக்ஸியையோ பெட்டியையோ வழக்கு முடியும்வரை தூக்கி எறியாதீர்கள்.

ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். புகார் இல்லாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு போனால், நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டதாகவே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று காட்ட வேண்டிய சுமை உங்கள் தலையில் விழுகிறது. மிக்ஸியை எப்படிச் சுற்றி வைத்தீர்கள் என்றும் கேட்பார்கள். பெட்டியின் ஓடே பிளந்திருப்பதால் உங்கள் பக்கம் பலம் இருக்கிறது. ஓடு முழுசாக இருந்து உள்ளே மட்டும் உடைந்திருந்தால், பேக்கிங் சரியில்லை என்று தள்ளிவிடுவார்கள்.

டொரொன்டோவிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வழியாகச் சென்னை. இரண்டு வெவ்வேறு நிறுவனங்கள், ஒரே டிக்கெட். ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுகிறார். யாரைப் பிடிப்பது?
— வாசகி, வேலூர்

பி.ஐ.ஆர். கடைசியாக உங்களைக் கொண்டுவந்து சேர்த்த நிறுவனத்திடம். பணம் கேட்பது முதல் நிறுவனம், கடைசி நிறுவனம், சேதம் நடந்த கட்டத்தில் ஏற்றிவந்த நிறுவனம் ஆகிய மூன்றில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம், எல்லோரிடமும் சேர்த்தும் கேட்கலாம். 36ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. எங்கே உடைந்தது என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலையில்லை. “பெட்டி தூக்குகிற ஆட்கள் எங்கள் ஊழியர்களே இல்லை, ஒப்பந்த நிறுவனம்” என்பதும் செல்லாது.

எவ்வளவு கிடைக்கும்? பில் இல்லாத பழைய பெட்டிக்குக் கேட்கலாமா?
— வாசகர், ஈரோடு

சர்வதேசப் பயணத்தில் உச்ச வரம்பு பயணி ஒருவருக்கு 1,519 எஸ்.டி.ஆர். (2024 டிசம்பர் 28 முதல்). எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு. மதிப்பு தினமும் மாறும். ரூபாயில் சுமார் 1,80,000 என்று வைத்துக்கொள்ளலாம். உள்நாட்டுப் பயணத்தில் வரம்பு 20,000 ரூபாய். உள்நாட்டில் நிறுவனங்கள் தங்கள் நிபந்தனைகளில் கிலோவுக்கு இவ்வளவு என்று குறைத்துக் கணக்கிடுவதும் உண்டு. அந்தக் கணக்கை முதல் கடிதத்திலேயே ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

வரம்பு என்பது அதிகபட்சம்தான். கிடைப்பது உண்மையான நஷ்டம். பழுது பார்க்க முடிந்தால் பழுதுச் செலவு, முடியாவிட்டால் பெட்டியின் வயதுக்கு ஏற்பக் கழித்த விலை. பில் இல்லாவிட்டால் வாங்கிய நாளின் வங்கி அல்லது கார்டு விவரம், இணையக் கடையின் ஆர்டர் பக்கம், அதுவும் இல்லையென்றால் அதே மாடலின் இன்றைய விலை. பெட்டி ரிப்பேர் கடையில் “சக்கரக் கூடு கிடைக்காது, மாற்ற இயலாது” என்று கடை லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். இரண்டு வரி போதும். பழுது பார்த்துத் தருகிறோம் என்ற பதிலை அந்தக் காகிதம் நிறுத்திவிடும்.

வீணையை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோக வேண்டும். போன முறை கவுன்டரில் ஒரு டேக்கில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். வீணையின் நீண்ட கழுத்தான தண்டியில் விரிசலோடு வந்தது. கையெழுத்தைக் காட்டி மறுத்துவிட்டார்கள்.
— வாசகி, தஞ்சாவூர்

நீங்கள் கையெழுத்திட்டது பொறுப்புத் துறப்பு டேக். “எளிதில் உடையும் பொருள்”, “பேக்கிங் போதாது”, “ஏற்கெனவே சேதம்” என்று சிறு கட்டங்கள் அதில் இருக்கும். எந்தக் கட்டத்தில் டிக் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. கெட்டியான ஃபைபர் பெட்டியில் வைத்திருந்தால் “பேக்கிங் போதாது” என்ற டிக்கை நீக்கச் சொல்லுங்கள். அப்படியே மூடிய பெட்டியைப் படமெடுங்கள். டிக் போட்ட காரணத்துக்கு மட்டும்தான் அந்தக் கையெழுத்து பொருந்தும். எளிதில் உடையும் என்று போட்டதை வைத்து, பெட்டியே பிளந்து வந்ததற்குத் தப்பிக்க முடியாது.

இந்த முறை கிளம்புவதற்கு முன்பே இரண்டு வழிகளை விசாரியுங்கள். ஒன்று, வீணைக்குத் தனி சீட் வாங்குவது. செலவு அதிகம்தான், ஆனால் உங்கள் வீணைக்கு அதுவே பத்திரம். நீளமும் உயரமும் சொல்லி முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். மற்றது, மதிப்பு அறிவிப்பு. செக்-இன் செய்யும்போது வீணையின் மதிப்பை எழுத்தில் அறிவித்து, நிறுவனம் கேட்கும் கூடுதல் தொகையைக் கட்டினால், 1,519 எஸ்.டி.ஆர். என்ற வரம்பு போய் நீங்கள் அறிவித்த தொகையே வரம்பாகிவிடும். கவுன்டரில் நிற்கும் இளைஞருக்கு இந்த வசதி தெரியாமல் இருக்கலாம். அதனால் சில நாள் முன்னதாகவே நிறுவனத்துக்கு எழுதி, வந்த பதிலை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள்.

பேக்கிங்கில், சுரைக்குடுக்கையைக் கழற்றிக் கைப்பையில் எடுத்துக்கொள்ளுங்கள். தந்திகளைத் தளர்த்துங்கள், முழுக்கக் கழற்ற வேண்டாம். தண்டி குடத்தோடு சேரும் இடமும் யாளிமுகத்தின் கழுத்தும்தான் பலவீனமான இடங்கள். குடம் தரையில் உட்கார, தண்டி அந்தரத்தில் நின்றால், பெட்டி ஒரு முறை விழுந்தாலே விரிசல்தான். தண்டியின் அடியில் முழு நீளத்துக்கும் ஃபோம் கொடுத்து எங்கும் இடைவெளி இல்லாமல் தாங்குங்கள். மெட்டுகள் பதிந்த மெழுகு வெயிலில் இளகும். விமானத்தில் ஏறும் முன் பெட்டி வெயிலில் நிற்க நேரலாம் என்பதால் வெளிர் நிற உறை நல்லது. போய் இறங்கியதும், வீணையைப் பெட்டியிலிருந்து தூக்குவதற்கு முன்பே அது கிடக்கும் நிலையில் படம் எடுத்துவிடுங்கள்.

பூட்டு உடைந்து, உள்ளே இருந்த பொருளும் காணோம்.
— வாசகர், கோயம்புத்தூர்

முதலில் கவுன்டரிலேயே பெட்டியை எடை போடச் சொல்லுங்கள். செக்-இன் எடை பதிவில் இருக்கும். இப்போது 2 கிலோ குறைந்தால் அந்த வித்தியாசத்தை அறிக்கையில் எழுத வையுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்திருந்தால் உள்ளே பாதுகாப்புச் சோதனைச் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்நாட்டில் பயணப் பெட்டிகளைச் சோதிக்கும் டி.எஸ்.ஏ. அமைப்பிடம் தனியாகவும் கோரலாம். பவர் பேங்க் செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது. அதற்காகப் பூட்டை உடைத்துத் திறந்திருந்தால் உங்கள் கோரிக்கை பலமிழக்கும். பல் கோத்த சாதாரண ஜிப்பைப் பேனா முனையால் பிளந்து, ரன்னரை ஓட்டி மறுபடி மூடிவிட முடியும். பூட்டு அப்படியே இருக்கும். நகை, பணம், லேப்டாப் எதையும் செக்-இன் பெட்டிக்குள் போடாதீர்கள்.

ஊறுகாய் பாட்டில் உடைந்து பட்டுப்புடவைகள் நாசம்.
— வாசகி, விருதுநகர்

பெட்டிக்கு வெளிச்சேதம் இல்லையென்றால் கிடைக்காது. கண்ணாடி பாட்டிலில் எண்ணெய்ப் பண்டம் என்றால் அது பொருளின் இயல்பு என்பார்கள்.

புகார் அனுப்பி இரண்டு மாதம். 1,500 ரூபாய் வவுச்சர் தருகிறோம் என்று ஒரே ஒரு பதில். அடுத்து?
— வாசகர், மதுரை

வவுச்சரை வாங்க வேண்டிய கட்டாயமில்லை. “முழு இறுதித் தீர்வாக ஏற்கிறேன்” என்ற வரி இருந்தால் கையெழுத்திட்டதும் வழக்கு முடிந்துவிடும். நிறுவனத்தின் இணையதளத்தில் புகாரைக் கவனிக்கும் நோடல் அதிகாரி, மேல்முறையீட்டு அதிகாரி என்று இரண்டு முகவரிகள் இருக்கும். அந்த வரிசையிலேயே எழுதுங்கள்: பி.ஐ.ஆர். எண், டேக் எண், படங்கள், கடைச் சீட்டு, கேட்கும் தொகை, 15 நாள் கெடு. கூடவே விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் பதிவு செய்யுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, மதுரையிலேயே போடலாம். டிக்கெட் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். விமானம் வந்து சேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள்தான் அவகாசம். “பரிசீலனையில் இருக்கிறது” என்று அவர்கள் எழுதும் கடிதங்களால் அந்தக் கெடு நீளாது. காலண்டரில் தேதியைக் குறித்து வையுங்கள்.

அடுத்த பெட்டி எப்படிப்பட்டதாக வாங்குவது?
— வாசகர், நாகர்கோவில்

ஓட்டுக்குள் பாதி புதைந்த இரண்டு சக்கரப் பெட்டி, வெளியே துருத்தும் நான்கு சக்கரப் பெட்டியைவிட அடி தாங்கும். சக்கரம் ரிவெட் அடித்ததா, ஸ்க்ரூ போட்டதா என்று உள்பக்க லைனிங்கை விலக்கிப் பாருங்கள். ஸ்க்ரூ என்றால் மாற்ற முடியும். ஓடு பாலிகார்பனேட் பிளாஸ்டிக் என்றால் அடித்தால் வளைந்து மீளும், ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் விலை குறைவு, ஆனால் விரிசல் விடும். தொங்கும் பட்டைகளை உள்ளே செருகிவிடுங்கள். பெல்ட் இரண்டு சேரும் இடத்தில் மாட்டிக் கிழிவது பெரும்பாலும் அவைதான்.