ஸ்கை தீவின் கோரூஸ்க் ஏரிக்குக் கூடாரத்துடன் நடந்து செல்ல எந்த வழி ஏற்றது?

ஸ்காட்லாந்தின் இந்த ஏரிக்கு எல்கோல் கிராமத்திலிருந்து வரும் கரையோரப் பாதை அழகானதுதான். ஆனால் இறுதியில் ‘பேட் ஸ்டெப்’ என்னும் சரிவான பாறையில், கடலுக்கு மேலே ஒரு வெடிப்பில் கால் பதித்து நகர வேண்டியிருப்பதாலும், கனத்த முதுகுப்பை அங்கே உடலின் சமநிலையைக் குலைப்பதாலும், முதன்முறை செல்வோருக்கு ஸ்லிகஹன் என்னும் சிற்றூரிலிருந்து பள்ளத்தாக்கு வழியே வரும், ஏறத்தாழ 12 கிலோமீட்டர் பாதையையே பரிந்துரைப்பேன். வழியில் குறுக்கிடும் ஓடைகள் கனமழையில் விரைவாகப் பெருகிக் கடக்க முடியாதவையாகிவிடும் என்பதால், ஒரு நாள் உணவைக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். ஏரியைச் சூழ்ந்த கூலின் மலைகளின் கேப்ரோ பாறை சில இடங்களில் காந்தத்தன்மை கொண்டிருப்பதால், மூடுபனியில் திசைகாட்டியை மட்டும் நம்பலாகாது. கூடாரமிட, 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் பொறுப்புடன் நடந்துகொள்வோருக்கு உரிமையளிக்கிறது. கோடையில் மொய்த்துக் கடிக்கும் மிட்ஜ் என்னும் சிறு பூச்சிகளிடமிருந்து காக்கத்தான் எந்தச் சட்டமும் இல்லை, ஆகவே மே மாதத் தொடக்கமே நல்லது.