புலியைத் திருப்பிப் பாருங்க

கேள்வி: லண்டன்ல இருக்குற என் நாத்தனார் அங்க பழைய சாமான் சந்தைல ஒரு புலி படம் வாங்கியிருக்காங்க, பட்டுத்துணில எம்ப்ராய்டரி பண்ணி கண்ணாடி சட்டம் போட்டது. ஜப்பான் வேலை, நூறு வருஷத்துக்கு மேலன்னு வித்தவர் சொன்னாராம். ஜப்பான்ல ஏதுங்க புலி? ஏமாந்துட்டாங்களா?
– வாசகி, திருச்சி

பதில்: புலி இல்லாத ஊருன்னு சொல்லி நாத்தனார வம்புக்கு இழுத்துடாதீங்க! சிங்கமும்தான் அங்க கிடையாது, ஆனா மெய்ஜி காலத்துல, அதாவது 1868லேர்ந்து 1912 வரைக்கும், கியோட்டோ கடைங்க சிங்கம், புலி, மயில், கழுகுன்னு பட்டுல தைச்சு வெளிநாட்டுக்கு அனுப்பிக்கிட்டே இருந்தாங்க. வயித்துப்பாடுதான் காரணம். 1869ல சக்கரவர்த்தி கியோட்டோவ விட்டு டோக்கியோ போயிட்டார், 1871ல குறுநில பிரபுக்களோட ஆட்சி முடிஞ்சுது, புத்த கோயில்களுக்கும் பழைய ஆதரவு போச்சு, ஆக விலை ஒசந்த பட்டு வாங்குற கை எல்லாம் ரெண்டு மூணு வருஷத்துல காணாம போனா தையல்காரர் என்ன பண்ணுவார்? 1873ல வியன்னா கண்காட்சிக்கு ஜப்பான் அரசாங்கமே சரக்கு கொண்டு போச்சு, வெள்ளைக்காரங்க மயங்கிட்டாங்க, அப்புறம் 1876 பிலடெல்ஃபியா, 1893 சிகாகோ, 1900 பாரிஸ்னு போய்க்கிட்டே இருந்துச்சு.

இப்ப பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோரா இருக்குற தகாஷிமாயா 1831ல கியோட்டோவுல பழைய துணி வித்த கடை, அவங்களும் இந்த ஏற்றுமதில பெரிய ஆளு. நிஷிமுரா சோசாயெமோனோட சிசோ கடை புலி வரையிறதுல பேர் போன கிஷி சிக்குடோ மாதிரி ஓவியர்கள்கிட்ட படம் வாங்கி தைக்க கொடுத்துச்சு. எனக்கு ஒரே ஒரு கோவம் என்னன்னா கடை பேர் இருக்கு, ஓவியர் பேர் இருக்கு, குனிஞ்சு உக்காந்து தைச்சவர் பேர் மட்டும் பெரும்பாலும் இல்ல.

சரி, எப்படி கண்டுபிடிக்கிறது? முதல்ல படத்த ஜன்னல் பக்கம் தூக்கிட்டுப் போய் மெதுவா சாய்க்கச் சொல்லுங்க. கியோட்டோ தையல்காரங்க முறுக்காத பட்டு நூல வெச்சு நெறைய தைப்பாங்க, அது தட்டையா படிஞ்சு கிடக்கும், தையல் எந்தப் பக்கம் ஓடுதோ அதுக்கேத்த மாதிரி பளபளப்பு மாறும், அதனால நீங்க நகர்ந்தா புலியோட முதுகு ரோமமும் கூடவே நகர்ற மாதிரி இருக்கும். ஒரு லென்ஸ் வெச்சு கழுத்துப் பக்கம் பாத்தா பழுப்பு, மஞ்சள், சாம்பல்னு இழை ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, நீட்டும் குட்டையுமா தையல் போயிருக்கும். லென்ஸ்ல புள்ளி புள்ளியா தெரிஞ்சா அது பிரிண்ட்டு, கதை முடிஞ்சுது.

தங்க நூல் இருந்தா அதையும் பாருங்க. நம்ம ஜரிகை கம்பிய தட்டி பட்டு இழைல சுத்துறது, அவங்க தங்க ரேக்க அரக்கு தடவுன பேப்பர்ல ஒட்டி மெல்லிசா வெட்டி நூல்ல சுத்துவாங்க. அத துணிக்குள்ள இழுத்து தைச்சா பிஞ்சிடும், அதனால மேலாப்புல படுக்க வெச்சு வேற மெல்லிய நூலால அங்கங்க கட்டியிருப்பாங்க, தேஞ்ச இடத்துல தங்கம் உதிர்ந்து உள்ள இருக்குற நூல் எட்டிப் பாக்கும்.

பின்பக்கம் பாக்க முடிஞ்சா ரொம்ப நல்லது. எல்லா இடத்துலயும் ஒரே அளவுல, அடிநூல் வெள்ளையா ஓடியிருந்தா மெஷின். ஆனா ஒண்ணு, சீனாவுல சூஜோ பக்கம் இப்பவும் அருமையா கையில தைக்கிறாங்க, அத பழசுன்னு விக்கிற ஆளுங்களும் உண்டு, அதனால கைவேலைன்னு தெரிஞ்சுட்டா மட்டும் போதாது, துணி, சட்டம், பின்னாடி அடிச்ச பலகை எல்லாமே சேர்ந்து பழசாகியிருக்கணும்.

கேள்வி: கியோட்டோ மியூசியத்தோட படம் ஒண்ணுல கிமோனோன்னு போட்டிருக்கு, ஆனா இடுப்புக்குக் கீழ பாவாடை மாதிரி விரியுதே?
– வாசகர், மதுரை

பதில்: நல்ல கண்ணு சார் உங்களுக்கு. அது ஐரோப்பிய அம்மாக்கள் வீட்டுல போட்டுக்க தைச்ச கவுன். அவங்க பழக்கத்துக்கு விரியணுமேன்னு ரெண்டு பக்கமும் கூடுதலா துண்டு வெச்சு, கிமோனோ மேல இடுப்புல சுத்துற அகலமான ஒபி பட்டைக்கு பதிலா ஒரு கயிறு மாதிரி கட்டு கொடுத்திருப்பாங்க, தகாஷிமாயா லேபிளோட கிடைக்கிற கவுனும் இருக்கு. அதுக்கும் முன்னாடியே யோகோஹாமால ஷீனோ ஷோபேன்னு ஒரு வியாபாரி, வியன்னா கண்காட்சிக்கே நேர்ல போனவர், பஞ்சு வெச்சு தைச்ச பட்டு கவுன் அனுப்பிக்கிட்டு இருந்தார்.

கேள்வி: (அதே திருச்சி வாசகி) நாத்தனார்கிட்ட சொல்லிட்டேன். படம் அழுக்கா இருக்காம், ஷாம்பூ போட்டு அலசலாமான்னு கேக்குறாங்க.

பதில்: ஐயோ, வேணாம்மா! தண்ணி பட்டா அந்தக் காலத்து சாயம் ஓடும், முறுக்காத நூல் திரிதிரியா கிளம்பிடும், அப்புறம் புலி நனைஞ்ச பூனைதான். அயர்ன் பாக்ஸும் வேணாம். வெயில் படாத சுவத்துல மாட்டட்டும், துணி பழுப்பேறின அட்டைல ஒட்டிக் கிடந்தா பழைய துணிய பாதுகாக்கத் தெரிஞ்ச ஆள்கிட்ட கொடுத்து அமிலமில்லாத அட்டைக்கு மாத்தச் சொல்லுங்க. அப்படி சட்டத்த கழட்டுறப்போ நாத்தனார பக்கத்துலயே நிக்கச் சொல்லுங்க, சட்டத்துக்கு அடில வெளிச்சமே படாம ஒரு விரக்கடை அகலத்துக்கு ஓரம் மறைஞ்சிருக்கும். மெய்ஜி காலத்துல ஜெர்மனி சாயம் எல்லாம் புதுசா வந்து இறங்கின நேரம், வெளுத்துப் போறதும் அதுல சகஜம். இப்ப சாம்பலா தெரியுற வானம் அந்த ஓரத்துல ஊதாவா இருந்தாலும் இருக்கும், பாத்துட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்க.