முகம் தெரியலன்னா யார் தப்பு? – கேள்வி பதில்

கே: ஹியூமன்-சென்டர்ட் ஏஐயும் ஹெச்சிஐயும் ஒண்ணுதானே சார்?

ப: இல்ல, பக்கத்து பக்கத்து வீடு. ஹெச்சிஐன்னா மனுஷன் கம்ப்யூட்டரோட எப்படி பழகுறான்னு பாக்குற துறை (ஹியூமன்-கம்ப்யூட்டர் இன்டராக்ஷன்), ஹியூமன்-சென்டர்ட் ஏஐன்னா மனுஷங்கள மையமா வெச்சு ஏஐ செய்யறது. அமெரிக்காவுல மேரிலாண்ட் யுனிவர்சிட்டில 1983லயே ஹெச்சிஐ லேப் ஆரம்பிச்ச பென் ஷ்னைடர்மேன் இப்போ ரெண்டு வீட்டுலயும் இருக்காரு.

கே: ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டியோட ஹியூமன்-சென்டர்ட் ஏஐ இன்ஸ்டிட்யூட்ல (ஹெச்ஏஐ) எம்எஸ் சேர எவ்ளோ ஸ்கோர் வேணும்?

ப: அது டிகிரி குடுக்குற டிபார்ட்மென்ட்டே இல்லங்க. 2019ல ஏஐ விஞ்ஞானி ஃபெய்-ஃபெய் லீயும் தத்துவப் பேராசிரியர் ஜான் எட்செமெண்டியும் சேர்ந்து ஆரம்பிச்ச இன்ஸ்டிட்யூட். சிஎஸ்ஸோ வேற துறையோ பாத்து அப்ளை பண்ணுங்க. இத கேக்குறதுக்கு முன்னாடி அவங்க வெப்சைட்ட அஞ்சு நிமிஷம் படிச்சிருக்கலாம்.

கே: எங்க ஃபேஸ் அட்டெண்டன்ஸ் ப்ராஜெக்ட் 96% அக்யூரசி. டைட்டில்ல 'ஹியூமன்-சென்டர்ட்'னு போடலாமா?

ப: யார வெச்சு டெஸ்ட் பண்ணீங்கன்னு ஒரு வரி கூட இல்லயே! ஒரு காலேஜுக்கு எக்ஸ்டர்னல் எக்ஸாமினரா போயிருந்தேன், இதே ப்ராஜெக்ட், பசங்க முகமெல்லாம் டக்கு டக்குனு விழுது, மெஸ்ல வேலை பாக்குற அக்கா வந்து நின்னாங்க, பச்சைக் கட்டம் வரவே இல்ல, "அக்கா லைட்டுக்குக் கீழ வாங்க, கொஞ்சம் நிமிருங்க"ன்னு மூணு தடவ நகத்துனாங்க, கடைசில அவங்க பேசாம நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டு சாம்பார் கரண்டியோட போயிட்டாங்க. டெஸ்ட் செட்டுல இருந்த எல்லாரும் ஒரே ஹாஸ்டல் பசங்களாம்.

இதத்தான் அமெரிக்காவுல எம்ஐடி மீடியா லேப்ல ஆராய்ச்சி மாணவியா இருந்த ஜாய் புவோலம்வினி தானே அனுபவிச்சாங்க, வெள்ளை முகமூடி போட்டாதான் சாஃப்ட்வேர் அவங்க முகத்த கண்டுபிடிச்சுது. 2018ல டிம்னிட் கெப்ருங்கற ஏஐ ஆராய்ச்சியாளரோட சேர்ந்து, முகத்த பாத்து ஆணா பெண்ணான்னு சொல்ற மூணு கம்பெனி சாஃப்ட்வேர டெஸ்ட் பண்ணாங்க. மூணு ஆப்பிரிக்க நாடு, மூணு ஐரோப்பிய நாடு, அதுங்களோட எம்.பி.க்கள் போட்டோ சுமார் 1,270. சராசரி அக்யூரசி 88ல இருந்து 94 வரைக்கும், கேக்க நல்லாத்தான் இருக்கு. பிரிச்சுப் பாத்தா வெளிர் நிற ஆண்களுக்கு தப்பு 1% கூட இல்ல, கருத்த பெண்களுக்கு ஒரு கம்பெனி சாஃப்ட்வேர்ல 35% கிட்ட. சராசரிய மட்டும் பாக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?

கே: டேட்டால இருந்து இனம்ங்கற நெடுவரிசைய தூக்கிட்டா பயாஸ் (ஒருதலைப்பட்சம்) போயிடும்ல?

ப: போகாது. 2019ல கலிஃபோர்னியாவோட பெர்க்லி யுனிவர்சிட்டி ஆளுங்க உள்பட ஒரு குழு ஆராய்ஞ்ச அமெரிக்க ஆஸ்பத்திரி அல்காரிதம் இனத்த பாக்கவே இல்ல. செலவ வெச்சு நோய கணிச்சுது. கறுப்பின நோயாளிங்களுக்கு அதே நோய்க்கு செலவே கம்மியாதான் ஆயிருந்துச்சு, அதனால அவங்களுக்கு நோய் கம்மின்னு நெனச்சுக்கிச்சு. சரி பண்ணா கூடுதல் கவனிப்புக்கு தேர்வாகுற கறுப்பினத்தவர் சுமார் 18%ல இருந்து 47% ஆகும். இங்கயும் அதேதான், பிரிச்சுப் பாருங்க.

கே: நல்ல டாபிக் சொல்லுங்க சார், அர்ஜென்ட்.

ப: எந்த கோர்ஸ், எத்தன மாசம், யாருக்காக? எதுவுமே எழுதல. மறுபடி அனுப்புங்க.

கே: ஆஸ்பத்திரில கேமரா வெச்சா பிரைவசி?

ப: ஸ்டான்ஃபோர்டுல கை கழுவுறத கவனிக்க டெப்த் சென்சார் வெச்சாங்க. தூரம் மட்டும் தெரியும், ஆள் நிழலா தெரிவாரு, முகம் தெரியாது. நீங்க வெப்கேம்தான் வெக்கப்போறீங்கன்னா மொதல்ல நர்ஸுங்ககிட்ட கேளுங்க.