காத்திருந்த சீசன் ஏன் சொதப்புகிறது? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த அனிமே (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) கேள்விகள் எல்லாமே ஒரே புலம்பல்தான், வருஷக்கணக்கில் காத்திருந்தோம், வந்தது இதுவா என்று. அதனால் சேர்த்தே பதில் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் ஸ்பாய்லர் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 'ஒன் பஞ்ச் மேன்' முதல் சீசனைப் பார்த்துவிட்டுப் பைத்தியமாகத் திரிந்தவன் நான். இரண்டாவது சீசன் 2019-ல் வந்தது, சுமார்தான். சரி, மூன்றாவதில் சரிசெய்துவிடுவார்கள் என்று இன்னும் ஆறு வருஷம் இலவு காத்த கிளியாக இருந்தேன். 2025 அக்டோபரில் வந்ததைப் பார்த்தால் படம் நகரவே மாட்டேன் என்கிறது. இத்தனை வருஷம் என்னதான் செய்தார்கள்? சோம்பேறித்தனமா, காசு மிச்சம் பிடிக்கிறார்களா?

அந்த ஆறு வருஷமும் அவர்கள் உட்கார்ந்து உங்கள் சீசனை வரைந்துகொண்டிருந்தார்கள் என்று நினைப்பதில்தான் பாதி ஏமாற்றம் ஆரம்பிக்கிறது. நாம் காத்திருக்கும் காலம் வேறு, அவர்கள் வேலை செய்யும் காலம் வேறு. ஜப்பானில் பெரும்பாலான அனிமேக்களுக்குப் பணம் போடுவது ஸ்டுடியோ அல்ல. மூலக் கதையான மங்காவை (ஜப்பானியக் காமிக்ஸ்) போடும் பதிப்பகம், டிவி சேனல், இசை நிறுவனம், பொம்மை விற்பவர் என்று பல பேர் சேர்ந்து அமைக்கும் தயாரிப்புக் குழு ஒன்று இருக்கும், ஸ்டுடியோ பல நேரம் அந்தக் குழுவிடம் கூலிக்கு வேலை எடுக்கும் இடம் மட்டுமே. அடுத்த சீசன் வேண்டும் என்று அத்தனை பேரும் மறுபடி ஒத்துப்போக வேண்டும், ஸ்டுடியோவில் இடம் காலியாக வேண்டும், ஒளிபரப்பு நேரம் கிடைக்க வேண்டும். இதற்கே வருஷங்கள் ஓடிவிடும். கடைசியில் வரைவதற்கு என்று மிஞ்சுவது அவசர அவசரமான மாதங்கள்.

இப்போது முதல் சீசனுக்கு வருவோம். 2015-ல் அதைச் செய்தது மேட்ஹவுஸ் ஸ்டுடியோ, இயக்கியவர் ஷிங்கோ நட்சுமே. அந்தச் சண்டைக் காட்சிகளை வரைந்தவர்கள் மேட்ஹவுஸின் மாதச் சம்பள ஊழியர்கள் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. நட்சுமே அதற்கு முந்தைய வேலைகளில் பழகி வைத்திருந்தவர்கள், அவர் கூப்பிட்டால் வருகிறவர்கள், 'இந்த மங்காவில் ஒரு காட்சியாவது நான் வரைந்தே தீருவேன்' என்று ஆசைப்பட்ட, எந்த ஸ்டுடியோவையும் சேராத அனிமேட்டர்கள் என்று ஒரு பெரிய கூட்டமே அதில் இருந்தது. அந்த மாதிரிக் கூட்டம் தானாக இன்னொரு முறை கூடாது. மேட்ஹவுஸிடமே திரும்பக் கொடுத்திருந்தாலும் அதே தரம் வந்திருக்குமா என்றால், நட்சுமே இல்லாமல் வந்திருக்காது என்றுதான் நான் சொல்வேன்.

இரண்டாவது சீசன் ஜே.சி.ஸ்டாஃபுக்குப் போனது, இயக்குநரும் மாறினார். நட்சுமே அப்போது வேறு தொடரில் இருந்தார், 2019 ஜனவரியில் அவருடைய 'பூகிபாப்' வந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால் திரைக்கதை, கதாபாத்திர வடிவமைப்பு, இசை மூன்றுக்கும் முதல் சீசன் ஆட்களே தொடர்ந்தார்கள். அதனால்தான் முகங்கள் அதே முகங்கள், ஜோக்குகள் அதே ஜோக்குகள், அடி மட்டும் விழவில்லை. நாயகன் சைட்டாமா எந்த எதிரியையும் ஒரே குத்தில் முடிக்கிறவன், அந்த ஒரு குத்துக்கு எடை இருந்தால்தான் மொத்தக் கிண்டலும் எடுபடும். காதல் கதையில் அனிமேஷன் கொஞ்சம் குறைந்தால் தப்பிக்கலாம். இங்கே வழியே இல்லை.

இன்னொரு பாரமும் உண்டு. யூசுகே முராட்டா வரையும் மங்கா பக்கங்களைப் பார்த்திருப்பீர்கள், ஒவ்வொரு கட்டத்திலும் உயிரைக் கொடுத்து வரைந்திருப்பார். அதை ஏற்கெனவே பார்த்துவிட்ட கண் அசையாத ஒரு படத்தின் மேல் கேமரா மெதுவாக நகர்வதைப் பார்த்தால் கோபப்படாமல் என்ன செய்யும்?

ஆகவே சோம்பேறித்தனம் இல்லை, ஓய்வில்லாமல் வேலை செய்கிறவர்களைப் போய் அப்படிச் சொல்லக் கூடாது. காசு விஷயத்தில் உங்கள் சந்தேகம் ஓரளவு சரி, ஆனால் மிச்சம் பிடிப்பது என்பதைவிட, நேரமும் ஆளும் கிடைக்குமா என்று பார்க்காமலே தேதியை முடிவு செய்வதுதான் பெரிய கோளாறு என்பேன்.

கேள்வி: 'த ப்ராமிஸ்ட் நெவர்லேண்ட்' இரண்டாவது சீசனில் ஸ்டுடியோவும் மாறவில்லை, இயக்குநரும் மாறவில்லை. மங்காவின் ஆசிரியரே கதையமைப்பில் கூட இருந்தார் என்கிறார்கள். அப்புறமும் ஏன் எல்லாரும் காறித் துப்புகிறார்கள்? நான் மங்கா படிக்காதவள், எனக்கும் ஏதோ குறைகிற மாதிரிதான் இருந்தது, என்ன என்று சொல்லத் தெரியவில்லை.

சின்னக் கணக்குதான். அநாதை இல்லம் ஒன்றிலிருந்து தப்பிக்கத் திட்டம் போடும் பிள்ளைகளின் கதை இது, மங்கா மொத்தம் 181 அத்தியாயம். 2019-ல் வந்த முதல் சீசன் அதில் முதல் 37 அத்தியாயங்களை 12 எபிசோடில் சொன்னது, அதாவது எபிசோடுக்கு மூன்று அத்தியாயம். அந்த நிதானத்தில்தான் நடைபாதையில் ஒரு காலடிச் சத்தம் கேட்டாலே நமக்கு வியர்த்தது. 2021-ல் வந்த இரண்டாவது சீசன் மிச்சம் 144 அத்தியாயத்தின் கதையை 11 எபிசோடில் முடித்து மூட்டை கட்டியது. எபிசோடுக்குப் பதின்மூன்று அத்தியாயம் ஓட்ட முடியாது இல்லையா, அதனால் வெட்டினார்கள். கோல்டி பாண்ட் என்ற பகுதி, படித்தவர்களில் பலருக்கு அதுதான் கதையின் உச்சம், அது அப்படியே காணாமல் போனது. அந்தப் பகுதிக்கு உயிரான யூகோ என்ற மனிதர் அனிமேயில் இல்லவே இல்லை. கடைசி எபிசோடின் முடிவில் நின்ற படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டிப் பெரிய பெரிய சம்பவங்களைத் தாண்டிப் போனார்கள், கல்யாண ஆல்பம் புரட்டுகிற வேகத்தில்.

உங்களுக்குக் குறைந்தது பயம். முதல் சீசனில் ஒவ்வொரு திட்டமும் தோற்கும், தோற்றதற்கு விலை இருக்கும், அடுத்த திட்டத்துக்கு யோசிக்க நேரம் இருக்கும். இரண்டாவதில் பிரச்சினை வந்த எபிசோடிலேயோ அதற்கு அடுத்ததிலேயோ தீர்ந்துவிடுகிறது. எதிரி மனம் மாறுவதற்கு ஒரு காட்சி, மன்னிப்புக்கு ஒரு காட்சி, முடிந்தது கதை. மங்கா படிக்காதவர்களுக்கும் அது உறைக்கும், வெட்டிய இடம் தெரியாவிட்டாலும் வெட்டு தெரியும்.

என்னைக் கேட்டால் ஒன் பஞ்ச் மேனைவிட இதுதான் பெரிய குற்றம். மோசமாக வரைந்ததை என்றாவது ஒருநாள் திருத்தி வரையலாம், கதை கெடாமல் இருக்கும். கதையையே கூறுபோட்டு முடித்துவைத்த பிறகு இன்னொரு முறை பணம் போட யாரும் சுலபத்தில் முன்வர மாட்டார்கள். ஆசிரியர் கூட இருந்தாரே என்றால், இருந்தார்தான். 11 எபிசோட் என்று ஆன பின்னால் அவர் மட்டும் என்ன செய்துவிட முடியும்?

கேள்வி: 'டோக்கியோ கூல்' எனக்குப் புரியவே இல்லை. மூன்றாவது சீசனில் வேறு தொடருக்குள் நுழைந்துவிட்டேனோ என்று தோன்றியது.

உங்கள் தப்பு இல்லை. 2015-ல் வந்த இரண்டாவது சீசன் மங்காவை விட்டு விலகித் தனி வழியில் போய் முடிந்தது. 2018-ல் வந்த ':ரீ' மங்காவில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. நடுவில் நடந்ததை அனிமே மட்டும் பார்த்தவருக்கு யாரும் காட்டவே இல்லை. போதாததற்கு 16 தொகுதி மங்காவை 24 எபிசோடுக்குள் அடக்கினார்கள். மங்கா படியுங்கள், முதல் அத்தியாயத்திலிருந்து.

கேள்வி: ஸ்டுடியோ மாறினாலே போச்சு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

இல்லை. 'அட்டாக் ஆன் டைட்டன்' விட் ஸ்டுடியோவிலிருந்து மாப்பாவுக்கு 2020-ல் கைமாறியது, ஆரம்பத்தில் முணுமுணுத்தவர்களே பிறகு வாயை மூடிக்கொண்டார்கள் (கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் டைட்டன்களை இன்னும் திட்டுகிறவர்கள் உண்டு, அது தனிக் கச்சேரி). மாறாக 'ஹைக்யூ' நாலாவது சீசன் அதே ப்ரொடக்‌ஷன் ஐ.ஜி.யில்தான் நடந்தது, ஆனால் இயக்குநர் மாறினார், ஆட்களின் உருவம்கூடக் கொஞ்சம் மாறியது, பந்து பறப்பதில் பழைய வேகம் இல்லை என்று ரசிகர்கள் குறைப்பட்டார்கள். 2024-ல் படமாக வந்தபோது பழைய இயக்குநர் சுசுமு மிட்சுனாகா திரும்பியிருந்தார், வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது.

இன்னும் ஒரு உதாரணம் 'சைக்கோ-பாஸ்'. 2012-ல் வந்த முதல் சீசனை எழுதியவர் கென் உரோபுச்சி. 2014-ல் இரண்டாவது சீசன் வந்தபோது அவர் அதில் எழுதவில்லை, தயாரிப்பும் டாட்சுனோகோவுக்குப் போயிருந்தது. 2015-ல் வந்த திரைப்படத்தின் பெயர்ப்பட்டியலைப் பாருங்கள், ப்ரொடக்‌ஷன் ஐ.ஜி., எழுத்தில் உரோபுச்சி! முக்கியமான ஆட்கள் படத்தில் இருக்க, சீசன் வேறு கைகளில் வந்தது. இரண்டாவது சீசனில் ரத்தம் கூடியது, யார் குற்றவாளி ஆவார் என்று மனதை அளந்து தீர்மானிக்கும் சிபில் அமைப்பைப் பற்றிய அந்த நிதானமான விவாதம் குறைந்தது. தலைப்பு அதேதான், எழுதுகிற மூளை வேறு, நாம் பார்ப்பதோ தலைப்பை மட்டும்.

கேள்வி: குறை அனிமேயில் இல்லாமல் நம்மிடம் இருக்கலாம் இல்லையா? பத்துப் பதினைந்து வயதில் பார்த்ததை முப்பதில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

நியாயமான கேள்வி, ஆனால் இதைச் சொல்லியே எல்லாச் சொதப்பலையும் மன்னித்துவிடுகிறார்கள், அது எனக்கு ஒப்பவில்லை. வயதாகிவிட்டது உண்மை. காத்திருக்கும் காலத்தில் நாமே மனதுக்குள் இரண்டு சீசன் எடுத்து முடித்திருப்போம், யாருடன் யார் சேர வேண்டும், எந்தச் சண்டை எப்படி முடிய வேண்டும் என்று. அதோடு எந்த ஸ்டுடியோவும் போட்டி போட முடியாது.

ஆனால் 'டிராகன் பால் சூப்பர்' 2015-ல் வந்தபோது ஐந்தாவது எபிசோடில் நாயகன் கோக்குவும் அழிவுக் கடவுள் பீரஸும் மோதிய காட்சியில் முகங்கள் கோணல்மாணலாக இருந்ததே, அதைப் பார்க்க வயது தேவையில்லை, கண் போதும். அதுவும் முதல் 27 எபிசோட் அதற்கு முன்பே திரையரங்கில் ஓடிய இரண்டு படங்களின் கதைதான், அரைத்த மாவு. 'ட்ராகன் பால் இஸட்' முடிந்து பத்தொன்பது வருஷம் கழித்துப் புதுக்கதை என்று உட்கார்ந்தவனுக்கு அதைக் கொடுத்தால்? வாரம் தவறாமல் ஓட வேண்டிய தொடர், முன்கூட்டி வரைந்து வைக்க நேரமில்லை. பிற்பாடு அதே தொடர் நிமிர்ந்தது, கடைசிப் போட்டிப் பகுதியில் சில எபிசோட்கள் அபாரம். அப்படியென்றால் பார்த்த நமக்கு நடுவில் வயது குறைந்துவிட்டதா என்ன?

பழைய 'டிஜிமான்' தொடரின் தொடர்ச்சியாகப் படங்களாக வந்த 'டிஜிமான் ட்ரை' விஷயத்தில் மட்டும் நீங்கள் சொல்வதில் பாதி ஒத்துக்கொள்கிறேன். பழைய பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்கு வந்துவிட்டார்கள், தயக்கம், பொறுப்பு என்று வேறு சுரம். அது எனக்குப் பிடித்தே இருந்தது. இரண்டாவது தொடரின் நாலு பிள்ளைகளை ஆறு படம் முழுக்க ஓரம்கட்டியதற்குச் சரியான விளக்கம் கொடுக்காததைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

கேள்வி: இயக்குநரைச் சமூக ஊடகத்தில் கேள்வி கேட்டால் தப்பா?

கேள்வி கேட்கலாம். குடும்பத்தை இழுத்துத் திட்டுவதும் மிரட்டுவதும் கேள்வி இல்லை. தேதியையும் எபிசோட் எண்ணிக்கையையும் பெரும்பாலும் அவர் முடிவு செய்வதில்லை, அவர் கையில் கிடைத்ததே மிச்சம் மீதிதான். கோபம் இருந்தால் தயாரிப்புக் குழுவில் யார் யார் என்று பெயர்ப்பட்டியலில் பாருங்கள், அங்கே அனுப்புங்கள், நாகரிகமாக.

கேள்வி: ஏமாறாமல் இருக்க முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா? டிரெய்லர் எல்லாமே பிரமாதமாகத்தான் இருக்கிறது.

டிரெய்லர் பிரமாதமாக இருக்காவிட்டால்தான் அதிசயம், நன்றாக வந்த நாலு காட்சியைப் பொறுக்கிப் போடுவதுதான் டிரெய்லர். நான் பார்ப்பது இயக்குநர், திரைக்கதை, கதாபாத்திர வடிவமைப்பு, இந்த மூன்றில் எத்தனை பேர் பழையவர்கள் என்று. அதைவிட முக்கியம் எத்தனை எபிசோட், அதில் எவ்வளவு கதை. இந்தக் கணக்கு உதைத்தால் மற்றது எதுவும் காப்பாற்றாது.

'ப்ளீச்' நல்லபடியாகத் திரும்பி வந்ததே இதனால்தான். 2012-ல் 366 எபிசோடோடு நின்றுபோனது, ரசிகர்கள் பத்து வருஷம் காத்திருந்தார்கள், 2022-ல் கடைசிப் பகுதி வந்தது. இயக்குநர் புதியவர், டோமோஹிசா தாகுச்சி, ஆனாலும் கெடவில்லை. ஏனென்றால் வாரா வாரம் இழுக்காமல், நாலு பகுதியாகப் பிரித்து, நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி விட்டார்கள். மங்காவை எழுதிய டைட் குபோ மேற்பார்வையில் இருந்தார், மங்காவில் வரையாமல் விட்ட சண்டைகளைக்கூடச் சேர்த்தார்கள். ஆசிரியர் கூட இருப்பதும் அதற்கேற்ற எபிசோட் இருப்பதும் சேர்ந்தால் இப்படி. அடுத்த பகுதிக்குக் காத்திருக்க வேண்டுமே என்று அலுத்துக்கொண்டவர்களுக்கு என் ஆதரவு கிடையாது, அந்த இடைவெளிதான் அதைக் காப்பாற்றியது.

கேள்வி: ஒரு புது சீசனுக்கு எத்தனை எபிசோட் வரை பொறுமை காட்டலாம்?

ஐந்து. முதல் எபிசோடை நம்பாதீர்கள், நல்ல அனிமேட்டர்களை அங்கேயும் கடைசியிலும்தான் பொதுவாக நிறுத்துவார்கள். உண்மை நிலவரம் நாலாவது, ஐந்தாவதில் தெரிந்துவிடும். அதற்கு மேலும் இழுத்தால் மங்காவை எடுங்கள்.