அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஸ்காலர்ஷிப் இடங்களைவிட அதிகமான பையன்களிடம், சேர்கிறேன் என்று கையெழுத்து வாங்கிவிடுவார்களாமே? விமானக் கம்பெனி கூடுதலாக டிக்கெட் விற்பது போலத்தானே, இதில் என்ன தப்பு?

விமானக் கம்பெனி மாதிரி நடந்துகொண்டால்கூட நான் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன். அங்கே இடம் போதவில்லை என்றால் முதலில் "யாராவது விட்டுக்கொடுக்கிறீர்களா?" என்று மைக்கில் கேட்பார்கள். கையில் ஏதாவது பணம் தருவார்கள். அடுத்த விமானத்தில் ஏற்றியும் விடுவார்கள். நான் பார்த்த காலத்துக் கல்லூரிக் கால்பந்தில் இந்த மூன்றுமே கிடையாது. (கால்பந்து என்றால் நம்முடைய கால்பந்து இல்லை, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டி மோதுகிற அமெரிக்க ஆட்டம்.)

பதினைந்து வருடங்களுக்கு முன்னால் அமெரிக்காவின் தெற்கு மாநிலம் ஒன்றில் புள்ளியியல் படித்துக்கொண்டிருந்தேன். கைச்செலவுக்காக, மாலை நேரத்தில் விளையாட்டு வீரர்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கும் வேலை பார்த்தேன். இப்படிக் கூடுதலாகக் கையெழுத்து வாங்குவதற்கு 'ஓவர்சைனிங்' என்று பெயர். அந்தச் சொல்லை முதலில் கேட்டது அந்த அறையில்தான்.

கணக்கு எளிது. அப்போது ஒரு பெரிய அணி மொத்தம் 85 பேருக்கு ஸ்காலர்ஷிப் தரலாம், வருடத்துக்குப் புதிதாக 25 பேரைச் சேர்க்கலாம். நான்கு வருடத்துக்கு 25 வீதம் போட்டாலே 100 ஆகிவிடுகிறது. 'ரெட்ஷர்ட்' என்று ஒரு வருடம் ஆடாமல் உட்கார்ந்து ஐந்தாவது வருடமும் இருப்பவர்களைச் சேர்த்தால் இன்னும் கூடும். நடுவில் சிலர் தாங்களாகவே போய்விடுவார்கள், சிலர் படிப்பில் கோட்டை விடுவார்கள். அது இயல்பு. ஆனால் சில கோச்சுகள் பிப்ரவரியில் கையெழுத்து வாங்கும்போதே, காலியாகப்போகும் இடங்களைவிட ஐந்தாறு பேரைக் கூடுதலாக எடுத்துக்கொள்வார்கள். ஆகஸ்டில் எண்ணிக்கை 85-க்குள் வந்தாக வேண்டும். நடுவில் இருக்கும் ஆறு மாதத்தில் யாரோ சிலர் 'போய்விட' வேண்டும். யார் என்பது பிப்ரவரியில் யாருக்கும் தெரியாது. சிலர் போயே ஆக வேண்டும் என்பது மட்டும் கோச்சுக்குத் தெரியும்.

போகவைக்க வழிகள் இருந்தன. 2012 வரை ஸ்காலர்ஷிப் ஒரு வருடத்துக்குத்தான். புதுப்பிக்காமல் விட்டால் முடிந்தது கதை. "இங்கே உனக்கு ஆட வாய்ப்பு வராதுப்பா, வேறு கல்லூரி பார்" என்று அன்பாகச் சொல்லலாம். அடிபட்டவனை 'மெடிக்கல்' கணக்கில் தள்ளிவிட்டால் படிப்புச் செலவு தொடரும், 85-இல் அவன் பெயர் வராது, அந்த அணிக்கு இனி ஆடவும் முடியாது. உண்மையிலேயே ஆட முடியாதவனுக்கு இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அலபாமா அணியில் இடத்தைக் காலி செய்யவே இதைப் பயன்படுத்தியதாக அங்கே ஆடிய சிலரே சொன்னதை 2010-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் வெளியிட்டது. கடைசி வழி 'கிரேஷர்ட்': இப்போது வராதே, ஜனவரியில் வந்து சேர்.

கூடுதலாக அழைப்பதை நான் தப்பு என்று சொல்லவில்லை. கல்யாணத்துக்கு யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்று தெரியாமல்தானே பத்திரிகை வைக்கிறோம். ஆனால் பந்தியில் உட்கார்ந்து, இலையும் போட்ட பிறகு, பெரிய மனுஷர் ஒருவர் வந்துவிட்டார் என்று ஒருவனை எழுப்பிவிடுவோமா? அதுதான் இங்கே நடந்தது. அதிலும் அப்போது அந்தப் பையன் கையெழுத்துப் போட்ட கடிதம் அவனைக் கட்டிப்போட்டுவிடும். அதன்பிறகு வேறு கல்லூரிகள் அவனிடம் பேசக்கூடாது. மனம் மாறி வேறு இடத்துக்குப் போனால் ஒரு வருடம் ஆட முடியாது. கோச்சின் கணக்குத் தப்பினால் நஷ்டம் பதினெட்டு வயதுக்காரனுக்கு. கோச்சுக்கோ வருடத்துக்குப் பல லட்சம் டாலர் சம்பளம்.

கோச்சுகள் சொல்லும் நியாயமும் ஒன்று உண்டு. கையெழுத்துப் போட்டவர்களில் சிலர் பள்ளி மதிப்பெண் போதாமல் கல்லூரிக்கே வரமாட்டார்கள். அதற்கும் சேர்த்து எடுக்கத்தானே வேண்டும் என்பார்கள். பாதி உண்மை. 2009-இல் மிஸிஸிப்பி பல்கலைக்கழகத்தின் கோச் ஹூஸ்டன் நட் 37 பேரிடம் கையெழுத்து வாங்கினார். கேட்டதற்கு, 80 பேரிடம் கையெழுத்து வாங்கக்கூடாது என்றுகூட விதி இல்லையே என்றார். அந்த வருடமே, தெற்கு மாநிலக் கல்லூரிகளின் எஸ்இசி கூட்டமைப்பு வருடத்துக்கு 28 கையெழுத்துதான் என்று வரம்பு வைத்தது, 2011-இல் 25 ஆக்கியது. வடக்கே பிக் டென் கூட்டமைப்பில் இதற்குப் பல காலமாகவே கட்டுப்பாடு இருந்தது. அதனால் அங்கே கால்பந்து ஒன்றும் செத்துப்போகவில்லை.

இப்போது நிலைமை வேறு. 2015-இல் ஐந்து பெரிய கூட்டமைப்புகள், ஆட்டம் சரியில்லை என்று ஸ்காலர்ஷிப்பைப் பறிக்கக்கூடாது என விதி செய்தன. அந்தக் கையெழுத்துக் கடிதத்தையே 2024-இல் எடுத்துவிட்டார்கள். 2025 ஜூனில், கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்ததும், அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு 85 என்ற வரம்பு போய், அணியிலேயே மொத்தம் 105 பேர் என்றானது. அதற்காக ஆள் குறைத்தபோது பெரும்பாலும் அடி வாங்கியது ஸ்காலர்ஷிப் இல்லாமல் ஆடிக்கொண்டிருந்த 'வாக்-ஆன்' பையன்கள். அப்படி வெட்டப்பட்டவர்களை இந்த 105 கணக்கில் சேர்க்காமல் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று நீதிபதி வற்புறுத்தித்தான் திருத்தம் வந்தது. கல்லூரி மாற நினைப்பவர்கள் பெயரைப் பதிகிற 'ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல்' வந்தபின் பையன் கிளம்புவதும் சுலபம். ஆனால் "போர்ட்டலில் பெயரைப் போட்டுவிடேன்" என்று கோச் சொல்வதும் சுலபமாகிவிட்டது.

சரி, என் அறைக்கு வருகிறேன். ஒரு ஜூன் மாதம் புதிதாக ஒரு பையன் வந்தான். முந்நூறு பவுண்டு இருப்பான், நாற்காலியில் பாதிதான் உட்கார முடியும். எட்டு மணி நேரம் வண்டி ஓட்டி, சின்ன ஃப்ரிட்ஜ் ஒன்றையும் ஏற்றிவந்து, விடுதியில் விட்டுப் போனாள் அம்மா. கோடைப் பருவத்தில் என்னிடம் புள்ளியியல் படித்தான், 'பி' வாங்கினான். ஆகஸ்டில், பயிற்சி தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது, மையத்தில் கடன் வாங்கிய கால்குலேட்டரைத் திருப்பிக் கொடுக்க வந்தான். எண்ணிக்கை ஒத்துவரவில்லையாம், ஜனவரியில் வரச்சொல்லியிருக்கிறார்கள். ஜனவரிக்கும் இதே கால்குலேட்டரை எடுத்துவைக்க முடியுமா என்று கேட்டான். பட்டன் எல்லாம் கைக்குப் பழகிவிட்டதாம்.

அவன் பெயரை டேப்பில் எழுதிப் பின்பக்கம் ஒட்டி டிராயரில் வைத்தேன். ஜனவரியில் அவன் வரவில்லை. மார்ச் வரை பார்த்துவிட்டு டேப்பை உரித்து வேறொருவனுக்குக் கொடுத்தேன்.